இரவல் விரிசல்

ஒரு படத்தைப் புதுசாக்குவதைவிடப் பழசாக்குவதுதான் கஷ்டம். புதுசாக்குவதற்கு இப்போது போனிலேயே வசதி வந்துவிட்டது. ஒரு தட்டு தட்டினால் முகத்துப் பருவெல்லாம் போய்விடுகிறது. பழசாக்குவது அப்படி இல்லை. மொத்தப் படத்தையும் மஞ்சளாக்கி நாலு கீறல் போட்டால் பழசாகிவிடும் என்று நினைக்கிறார்கள். அது பழசு இல்லை, அழுக்கு.

நீங்கள் எழுதித் தரச் சொன்னீர்கள், மேடம். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டேன். "எங்கிருந்து வேணும்னாலும் தொடங்குங்க, எங்களுக்கு அவசரமில்ல" என்றீர்கள். அதனால் எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்தது என் தொழில் ஒன்றுதான்.

கடையை நீங்களே வந்து பார்த்தீர்கள். முன்னால் கண்ணாடிக் கவுண்டர். நடுவில் பாஸ்போர்ட் படம் எடுக்க ஒரு ஸ்டூல், வெள்ளைத் திரை, இரண்டு குடை விளக்குகள். தடுப்புக்குப் பின்னால் என் கம்ப்யூட்டர். என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் அவர் எடுப்பார், நான் சரிசெய்வேன். அவர் போன பிறகு இரண்டு வேலையும் என் தலையில் விழுந்தது. சலிப்பாக ஒன்றும் இல்லை. ஒருமுறை ஒரு மரச்சாமான் கடைக்காரர் வந்தார். கடை திறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. "மூணு தலைமுறையா நடத்துறோம்னு போர்டு எழுதிட்டேன், இப்ப தாத்தாவுக்கு எங்க போறது" என்றார். அவரையே ஸ்டூலில் உட்காரவைத்து எடுத்து, பெரிய மீசை வைத்து, படத்தை வெளிறவைத்துக் கொடுத்தேன். அவருடைய அம்மா அதைப் பார்த்துவிட்டு, "எங்க மாமனார் இவ்வளவு லட்சணமா இருக்கமாட்டாரே" என்றாராம். ஆனால் சந்தேகப்படவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

இதில் நுட்பம் என்னவென்றால், பழசு ஒரே சீராக வராது. அந்தக் காலத்துக் கலர்ப் படத்தில் நீலம் முதலில் போகும், சிவப்பு கடைசிவரை நிற்கும். ஆல்பத்தில் இருந்த படம் ஓரத்தில் வெளுக்கும். சட்டைப்பையில் இருந்த படம் நடுவில் உடையும். ஒருவர் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்த படம், அவருடைய கட்டைவிரல் படுகிற இடத்தில் தேயும். அந்த மூன்றாவது தேய்மானத்தைச் செயற்கையாகக் கொண்டுவர முடியாது. நான் எத்தனையோ தரம் முயன்றிருக்கிறேன்.

சிட்டு கேட்டது அப்படிப்பட்ட ஒரு படத்தைத்தான்.

சிட்டு என்பது என் மகளை வீட்டில் நாங்கள் கூப்பிடுகிற பெயர். சின்ன வயதில் நாலு பருக்கை சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவாள், அதனால் என் வீட்டுக்காரர் வைத்தது. இப்போது ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலையில் இருக்கிறாள். ஆறாம் மாதம் தொடங்கியபோது ஒருநாள் கடைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு கேட்டாள்.

"ஏம்மா, நான் வயித்துல இருக்கும்போது எடுத்த படம் ஒண்ணுகூடவா இல்ல? அப்பா ஊர்ல இருக்கற கல்லு மண்ணையெல்லாம் எடுத்து வெச்சிருக்காரு. உன்ன எடுக்கலயா?"

"எடுத்தாரு. எங்கயோ இருக்கும்."

"தேடிப் பாரும்மா. உன் படத்தையும் என் படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெக்கணும். நாளைக்கு இது பொறந்ததும் காட்டணும்ல."

தேடுகிறேன் என்றேன். தேடுவதற்கு ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டுக் கேட்டதை இல்லை என்று எப்படிச் சொல்வது? நீங்களும் பிள்ளை பெற்றவர் என்று உங்கள் கான்ஸ்டபிள் சொன்னார். உங்களுக்குப் புரியும்.

மாப்பிள்ளை அவளை ஜன்னலோரம் நிற்கவைத்து எடுத்த படம் ஒன்று என் போனுக்கு வந்திருந்தது. ஒரு கை வயிற்றின் மேல், இன்னொரு கை ஜன்னல் கம்பியில். அதையே எடுத்துக்கொண்டேன். முகத்தை எடுத்துவிட்டு, எனக்குக் கல்யாணமான புதிதில் அவர் எடுத்த படத்திலிருந்து என் முகத்தை வைத்தேன். உடையை மாற்றினேன். ஜன்னலை மாற்றினேன். கழுத்து ஒட்டுவதற்குத்தான் ரொம்ப நேரம் பிடித்தது. வயிற்றில் கை வைக்கவில்லை. அது அவளுடையதுதான்.

எழுதும்போது ஒரு மாதிரியாக இருக்கிறது. செய்யும்போது அப்படி இல்லை. வேலை மும்முரத்தில் இருந்தேன்.

பிறகு நிறத்தை இறக்கி, நீலத்தைக் குறைத்து, அதன் மேல் விரிசலையும் தேய்மானத்தையும் வைத்து, மங்கலான தாளில் அச்செடுத்துக் கொடுத்தேன். சிட்டு அதை வாங்கித் தன் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "எனக்கு உன் சாடைதான்னு அத்தைகிட்ட எத்தன தரம் சொன்னேன், நம்பவே இல்ல. இப்பப் பாரு, நிக்கற விதம்கூட ஒண்ணுதான்" என்று சொல்லி என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் செய்தது தப்பு என்று எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை.

அந்த விரிசல் எங்கிருந்து வந்தது என்பதுதான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டது.

சிட்டு கேட்பதற்குச் சில மாதம் முன்னால் ஒரு பெண் கடைக்கு வந்தாள். கண்டக்டர். எங்கள் பக்கத்து வழித்தடத்துக்கு அப்போதுதான் மாற்றி வந்திருந்தாள். காக்கிச் சட்டையும் தோளில் தோல்பையுமாக நின்று, பைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். அதற்குள் ஒரு கைக்குழந்தையின் படம்.

"இதக் கொஞ்சம் சரிபண்ணித் தர முடியுமாக்கா? வேர்வ பட்டு உரிஞ்சுக்கிட்டே வருது."

"உங்க பாப்பாவா?"

"ஆமாக்கா. பொறந்து அஞ்சாவது வாரம். ஆஸ்பத்திரியில காணாமப் போச்சு."

குடை காணாமல் போனதைச் சொல்வதுபோலச் சொன்னாள். இத்தனை வருஷம் சொல்லிச் சொல்லி அந்த வாக்கியமும் தேய்ந்து வழவழப்பாகிவிட்டிருந்தது. கட்டியவன் அந்த வருஷமே விட்டுவிட்டுப் போனதையும் அதே குரலில் சொன்னாள். பிறகு, நான் கேட்காமலே, "அதுக்கப்புறம்தான் இந்த வேலைக்கு வந்தேன். ஒரு நாளைக்கு எத்தன முகம் ஏறுது, இறங்குது. டிக்கெட் குடுக்கும்போது காதப் பாப்பேன்" என்றாள்.

"காதையா?"

"இடது காதுக்கு முன்னாடி மொளகு மாதிரி ஒரு சத இருக்கும். பாருங்க, படத்துலயே தெரியுது."

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த மிளகை எத்தனை வருஷம் சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள் என்று சிட்டு அழுதபோது, அதை மறைக்கிற மாதிரித் தலைவாரிவிட்டதும் நான்தான். இன்றைக்கும் அப்படித்தான் வாரிக்கொள்கிறாள்.

படத்தை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன்.

நன்றாகவே சரிசெய்தேன், மேடம். கறையை எடுத்தேன், துண்டின் நிறத்தைக் கொண்டுவந்தேன், உரிந்துபோயிருந்த கன்னத்தை வளர்த்தேன். காதுக்கு முன்னால் இருந்ததை மட்டும் துடைத்துவிட்டேன். மூக்கைக் கொஞ்சம் கூராக்கினேன். கண்களுக்கு நடுவே இடைவெளியை ஒரு மயிரிழை குறைத்தேன். யாரிடம் காட்டினாலும் அது ஒரு அழகான குழந்தைதான். வேறு குழந்தை, அவ்வளவுதான்.

அவள் வந்து வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாருக்குக்கா. ஆனா என் பாப்பா மாதிரி இல்லயே."

"இத்தன வருஷம் மங்கின படத்தையே பாத்துப் பழகிட்டீங்க. தெளிவாப் பாத்தா அப்படித்தான் தெரியும்."

"காதுல இருந்தது எங்கக்கா?"

"அது சத இல்லம்மா. படத்துல விழுந்த புள்ளி. கழுவும்போதே சிலதுல விழும்."

"நான் தொட்டுப் பாத்த ஞாபகம் இருக்கே."

"படத்தத் தொட்டிருப்பீங்க" என்றேன்.

அவள் என்னை நம்பினாள். ஐந்து வாரம் வைத்திருந்த பிள்ளை. அதிலும் பாதி நாள் அவளுக்குக் காய்ச்சல். நான் தொழில் தெரிந்தவள். "அப்ப நான் இத்தன நாளா இல்லாத ஒண்ணத் தேடிக்கிட்டு இருந்திருக்கேன்" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. அசலைக் கேட்டாள். சுத்தம் செய்யும்போது ஊறி உரிந்துபோய்விட்டது, எனக்கும் வருத்தமாக இருக்கிறது என்றேன். உண்மையில் வீட்டு அடுப்பில் வைத்து எரித்திருந்தேன். ஆனால் வருத்தம் பொய் இல்லை.

ஸ்கேன் செய்த கோப்பை மட்டும் அழிக்கவில்லை. அதற்குக் காரணம் பாசமோ பயமோ இல்லை. அந்தத் தேய்மானம் அவ்வளவு நன்றாக இருந்தது. மேல் மூலையிலிருந்து கிளை பிரிந்து இறங்குகிற விரிசல், ஓரத்தில் பாதி வட்டமாக ஒரு துருக்கறை, குழந்தையின் கன்னத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு வெளுப்பு. என் வாழ்நாளில் அப்படி ஒன்றை நான் செய்ததில்லை. அதைத்தான் பிரித்தெடுத்து, சிட்டுவுக்குக் கொடுத்த படத்தின் மேல் வைத்தேன். அந்த வெளுப்பு சரியாக வயிற்றின் மேல் விழுந்தது. பார்க்கிறவர்களுக்கு, யாரோ அந்த வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்த மாதிரி இருக்கும்.

இனி ஆஸ்பத்திரி விஷயம். எனக்கு நாலாவது தடவையும் தங்கவில்லை. இனிமேல் வேண்டாம், உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் வெளியூரில் ஒரு கல்யாணத்துக்குப் படமெடுக்கப் போயிருந்தார். நான் தனியாக வெளிநோயாளிகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெண், பத்தொன்பது வயது இருக்கும், காய்ச்சலில் முகம் வீங்கி, மடியில் குழந்தையுடன். "அக்கா, கொஞ்சம் பாத்துக்கறீங்களா? மருந்து வாங்கிட்டு வந்துடறேன்" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். முன்பின் தெரியாதவளிடம் பெற்ற பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போகிறவளை என்னவென்று சொல்வது? நான் காத்திருந்தேன். வரிசை நீளமாக இருந்தது. அவள் வரவில்லை. குழந்தை பசியில் அழத் தொடங்கியது. அழுகிற குழந்தையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க முடியும்?

அவர் ஊரிலிருந்து வந்து தொட்டிலைப் பார்த்துவிட்டு, "யாருது?" என்று கேட்டார். "நம்மளோடது" என்றேன். அவர் கேமரா பையைக் கழற்றாமலே கொஞ்ச நேரம் நின்றார். அந்த மாதமே நகரத்தின் இந்தக் கோடிக்கு வீடு மாறினோம். அதன்பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. குழந்தையை அப்படித் தாங்கினார். ஆனால் ஊரெல்லாம் படமெடுத்த மனுஷர், அவள் ஒரு வயது தாண்டும்வரைக்கும் அவளை ஒரு படம்கூட எடுக்கவில்லை. கடைசியாக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லிடு" என்றார். கடை விஷயமாகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

போன மாதம் சிட்டு வேலைக்குப் போகிற பஸ்ஸில் அந்தக் கண்டக்டர்தான் இருந்தாள். வயிற்றைப் பார்த்துவிட்டு, முன் இருக்கையில் இருந்த ஒரு பையனை எழுப்பி இடம் கொடுத்தாளாம். தினமும் பார்க்கிற பழக்கம். முதல் பிள்ளையா, எத்தனாவது மாதம் என்று பேச்சு வளர்ந்திருக்கிறது. சிட்டு போனில் இரண்டு படத்தையும் காட்டி, "இது நான், இது எங்கம்மா. அப்படியே இல்ல?" என்று கேட்டிருக்கிறாள். காட்டும்போது, காற்றில் முகத்தில் விழுந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கியிருக்கிறாள்.

அன்றைக்கு மத்தியானம் கண்டக்டர் கடைக்கு வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். பையைக்கூடக் கழற்றவில்லை.

"அந்தப் பொண்ணு உங்க மகளாக்கா?"

"ஆமா."

"அது காட்டின படத்துல ஒரு விரிசல் இருக்கு. மூலையிலேர்ந்து கெள கெளயா. அது என் படத்துல இருந்தது."

"பழைய படம்னா எல்லாத்துலயும் அப்படித்தாம்மா இருக்கும்."

"ஓரத்துல துருக்கற. என் பை பக்கிள் பட்டு வந்தது. அந்தக் கோட்ட நான் தெனமும் பாத்தவ. கண்ண மூடிக்கிட்டு வரையச் சொன்னாலும் வரைவேன்."

இனி மறைத்துப் பயனில்லை என்று, தொழில் ரீதியாகவே பதில் சொன்னேன். "புதுப் படத்தப் பழசாக்கறதுக்கு, இருக்கற பழைய படத்துலேர்ந்து இப்படி எடுத்துப் போடுவோம். எல்லாக் கடையிலயும் செய்யறதுதான்."

அவள் யோசித்தாள். பிறகு ரொம்ப மெதுவாகக் கேட்டாள். "உங்க வயித்துப் படம் எப்படிக்கா புதுப் படமா இருக்கும்?"

 எந்த வேலையிலும் ஒரு இடத்தில் ஒட்டு தெரியும். அது விஷயம் தெரிந்தவர் கண்ணில் படாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"காதுல மொளகு இருக்கு. இன்னிக்குப் பாத்தேன். நீங்க புள்ளின்னு சொன்னீங்க" என்றாள். அழுதாள், ஆனால் சத்தமே இல்லை. குடை விளக்கு அணைத்திருந்ததால் முகம் சரியாகத் தெரியவில்லை. நான் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தேன். உள்ளே போனபோதே கம்ப்யூட்டரில் அந்த ஸ்கேன் கோப்பை அழித்தேன். உங்கள் ஆட்கள் திரும்ப எடுக்க முடியவில்லை என்று சொன்னார்களே, அதுதான். அந்தக் குழந்தைக்கு இருந்த ஒரே படத்தில் இப்போது மிச்சம் அந்த விரிசல் மட்டும்தான், அதுவும் என் முகத்தின் மேல்.

தண்ணீரைக் குடித்துவிட்டு அவள், "அதுகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

"இப்பச் சொன்னாத் தாங்கமாட்டா. வயித்துல பிள்ள இருக்கு. பொறக்கட்டும்" என்றேன்.

வேறு யாராக இருந்தாலும் என் கழுத்தைப் பிடித்திருப்பார்கள். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "சரிக்கா. பொறக்கட்டும். இவ்வளவு நாள் இருந்தாச்சு" என்றாள். வாசலில் திரும்பி, "பொன்னு மாதிரி வளத்திருக்கீங்க" என்றும் சொன்னாள். அதை நான் எதற்காக எழுதுகிறேன் என்றால், அவளே அப்படிச் சொன்னாள் என்பது உங்கள் கோப்பில் இருக்கட்டும்.

அடுத்த நாள் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்து புகார் கொடுத்தது நான்தான். பிள்ளையைத் தொலைத்துப் புத்தி பேதலித்த ஒரு கண்டக்டர் என் மகளைத் தொடர்கிறாள், வயிற்றுப்பிள்ளைக்காரிக்குப் பயமாக இருக்கிறது என்றேன். சிட்டுவிடமும் அந்தப் பஸ்ஸில் ஏறாதே, வீட்டிலேயே இரு என்றேன். நான் எதிர்பாராதது ஒன்றுதான். ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்து நீங்கள் எவ்வளவு மிரட்டியும் அந்தக் கண்டக்டர் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். "பிரசவம் ஆகட்டும் மேடம், அப்புறம் எல்லாம் சொல்றேன்" என்பதையே சொல்லிக்கொண்டிருந்தாளாம். ஸ்டேஷனுக்கு வந்த சிட்டு அதைக் கேட்டுவிட்டுப் பெஞ்சில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "என்ன சொல்லணுமோ இப்பவே சொல்லுங்க" என்று கேட்டாளாம். நான் சொன்னபடி சிட்டு வீட்டிலேயே இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பெற்றவள் யார் என்று தெரிய ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று கேட்டதும் அவள்தான் என்றீர்கள். நான் நம்பவில்லை. ஊசி என்றால் அவளுக்குப் பயம்.

அன்றைக்கு மருந்து வாங்கப் போனவள் வரவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். நீங்கள் அடித்தல் திருத்தல் கூடாது என்றீர்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். அவள் வந்தாள். வரிசையில் நின்றபோதும் நிமிஷத்துக்கு ஒருதரம் திரும்பிப் பார்த்து, இதோ வந்துவிடுகிறேன் என்று கையைக் காட்டிக்கொண்டுதான் இருந்தாள். அவள் முறை வந்து ஜன்னலுக்குள் குனிந்தபோது நான் எழுந்தேன். வாசலில் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். மருந்துப் பொட்டலத்துடன் வந்து காலி பெஞ்சைப் பார்த்தாள். பிறகு மண்டிபோட்டு பெஞ்சுக்கு அடியில் பார்த்தாள், குழந்தை உருண்டு விழுந்திருக்குமோ என்பதுபோல. நான் குழந்தையின் காதைத் துண்டால் மூடினேன். காற்று அடித்தது. வண்டியை எடுக்கச் சொன்னேன்.

திருடினேன், மேடம். படத்தையும் அப்படித்தான். எழுதிவிட்டேன்.

சிட்டு என்னைப் பார்க்க விரும்பவில்லை என்று சொன்னீர்கள். கோபம், தணிந்துவிடும். இப்போது அந்தக் கண்டக்டர் வீட்டில்தான் இருக்கிறாளாமே. கண்டக்டருக்கு ஐந்து வாரத்துக்கு மேல் பிள்ளை வளர்த்துப் பழக்கம் இல்லை, பிரசவத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் தடுமாறுவாள். எனக்கு ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். வலி எடுத்ததும் சிட்டு 'அம்மா' என்றுதான் கத்துவாள். எந்த நேரமாக இருந்தாலும் பரவாயில்லை, உடனே என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள். பாவம், நான் இல்லாமல் தவித்துப்போவாள்.